மடூல்சீமையில் தொடங்கிய தொற்று

வதந்தி எப்படிப் பரவுதுன்னு புரிஞ்சுக்க, நம்ம பதுளை மாவட்டத்து மடூல்சீமையில் இருந்து தொடங்கலாம்.

1869இல் அங்கே ஒரு கோப்பித் தோட்டத்தில் இலைகளின் அடியில் செம்மஞ்சள் பொடி படிஞ்சிருந்தது. இலங்கையில் கோப்பி இலைத்துரு நோய் முதல்ல கண்ணில் பட்டது அங்கேதான். சில வருஷத்துக்குள் அது மலைநாடு முழுக்கப் பரவிடுச்சு. 1880இல் ஆராய வந்த மார்ஷல் வார்ட் காரணத்தைக் கண்டுபிடிச்சார். பூஞ்சையின் வித்துகள் காத்துல பறக்குது. அது இறங்குற இடமெல்லாம் கோப்பி, நடுவில் தடுக்க வேற மரமே இல்லை. கடைசியில் துரைமார் தேயிலைக்கு மாறினாங்க. சம்பள பாக்கியோட தவிச்சது நம்ம ஆளுங்க.

இந்த மாதிரிப் பரவலுக்கு 1927இல் கெர்மாக்கும் மெக்கென்ட்ரிக்கும் ஒரு கணக்கு போட்டாங்க. மக்களை மூணாப் பிரிச்சாங்க: இனிமேல் தொற்றக்கூடியவங்க, தொற்றினவங்க, அதிலிருந்து விலகினவங்க. அதை பம்பாய் பிளேக் சாவுகளோட ஒப்பிட்டும் பார்த்தாங்க. ஒரு நோயாளி சராசரியா ஒருத்தருக்கு மேல தொற்ற வெச்சா நோய் பெருகும், குறைஞ்சா அடங்கும். 1964இல் டேலியும் கெண்டலும் வதந்திக்கும் இப்படி ஒரு கணக்கு எழுதினாங்க: தெரியாதவங்க, பரப்புறவங்க, பரப்புறதை நிறுத்தினவங்க.

2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் மலட்டு மாத்திரை கலக்குறாங்கன்னு ஒரு வதந்தி கிளம்புச்சு. பரிசோதனையில் அது வெறும் மாவுன்னு தெரிஞ்சது. அதுக்குள்ள கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டிருந்தன. அடுத்த வாரம் திகன எரிஞ்சது. அரசாங்கம் ஃபேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் சில நாள் முடக்குச்சு.

ஆனா வழியை முழுசா அடைச்சா மண்சரிவு எச்சரிக்கையும் சேர்ந்து நின்னுடும். 2014இல் மீரியபெத்தையைப் பார்த்த நமக்கு அது சின்ன விஷயமில்ல. 2019இல் வாட்ஸ்அப் வேற வழியில் போச்சு: ஒரு செய்தியை ஒரே தடவையில் 5 பேருக்கோ குழுவுக்கோ மேல ஃபார்வர்ட் பண்ண முடியாது. அது செய்தி உண்மையா பொய்யான்னு பார்க்கல, சராசரியை மட்டும் குறைச்சது.

கணக்கு இதுக்கு மேல உதவாது. கோப்பி இலைகிட்ட யாரும் சம்மதம் கேட்கல. நாம படிச்சு, கோபப்பட்டு, விரலால அழுத்தித்தான் அனுப்புறோம். லயத்துக் குரூப், ஸ்கூல் பேட்ச் குரூப், திருவிழாக் குரூப்னு எல்லாத்துலயும் அதே ஆளுங்க. அதுவும் ஒரே பயிர் போட்ட தோட்டம்தான். “இது எங்கயிருந்து வந்துச்சு?”ன்னு கேட்க குரூப்புக்கு ஒருத்தர் வேணும். கோப்பிக்கு நடுவில் இல்லாமப் போன அந்த வேற மரம் அவர்தான்.