கோடாலியும் மெஷின் வாளும்

நயினாதீவில் காடு இல்லை. நமது அடுப்பு எரிந்ததெல்லாம் காவோலை, மட்டை, பாளை, ஊமலில்தான். குற்றி கிடைத்தால் கொத்துவது வாப்பாமார் வேலை. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டு, பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் அரிதானபோது குடாநாடே விறகை நம்பியது.

அன்று கோடாலி பிடித்தவர்களுக்கு இன்று எழுபது வயது. தோள் நோவு, முழங்கால் நோவு. பெற்றோல் மெஷின் வாள் வந்ததும் கோடாலியைச் சாத்திவிட்டார்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

2022 ஏப்ரலில், நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாதென்று அறிவித்தபோது, நமக்கு நோன்பு. காஸும் இல்லை, பெற்றோலும் இல்லை. கஞ்சி காய்ச்ச வேண்டுமே! அந்த வாப்பாமார்தான் வெடிப்புப் பார்த்து ஆப்பு இறுக்க இளசுகளுக்குக் காட்டினார்கள்.

யார் வீட்டிலாவது பழைய இரும்பு ஆப்பு கிடந்தால் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும்.