குவியலிற் பொன் அறிதல்

பொன்னின் நிறையை அறியத் தராசு போதும். அதன் தரத்தை அறியத் தராசு போதாது. ஒரு கழஞ்சுப் பொன்னிலே செம்பு எவ்வளவு, வெள்ளி எவ்வளவு என்பதைக் கண் காணாது; கையும் உணராது. வாங்குபவன் விற்பவனின் சொல்லை நம்ப வேண்டும்; அன்றேல் இருவரும் ஒப்பக்கூடிய சோதனையொன்று வேண்டும். அச்சோதனையைத் தேடி மனிதன் நடந்த நெடுவழியே மாற்றறியும் கலையின் வரலாறாகும். பழுதடைந்த கணினிகளும் கையடக்கத் தொலைபேசிகளும் மலைபோற் குவியும் இந்நாளில் அக்கலை மிகக் கடினமான கேள்வியொன்றை எதிர்நோக்கி நிற்கிறது.

சோதனைகளுள் மிகப் பழையவற்றில் ஒன்று உரைகல். கரிய நிறமும் நுண்ணிய மணிகளும் உடைய கல்லிலே பொன்னை உரைத்தால் நிறக்கோடொன்று படியும். மாற்று முன்னரே தெரிந்த ஆணிகளால் அதனருகே வேறு கோடுகளை இழுத்து, எக்கோட்டோடு அது ஒக்கின்றதெனக் கண்டு மாற்றுக் கூறுவர். அரிஸ்டாட்டிலின் மாணாக்கராகிய தியோபிராஸ்தஸ், கற்களைப் பற்றி எழுதிய நூலில் இக்கல்லைக் குறிப்பிட்டுள்ளார். டில்லி நாணயசாலையோடு தொடர்புடைய தக்குர பேரு என்பவர், 1318ஆம் ஆண்டில் நாணயங்களின் தரத்தையும் உலோகங்களைத் தூய்மை செய்யும் முறைகளையும் 'திரவிய பரீட்சை' என்னும் நூலில் வகுத்துரைத்தார். ஆணிப்பொன், பத்தரைமாற்று முதலிய சொற்கள் தமிழ் வழக்கில் நிலைத்திருப்பதும் இக்கலையின் பழைமைக்குச் சான்றாகும். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசன் அளித்த பொன்னைப் பற்றிய கல்வெட்டுக்கள், அதன் நிறையை மட்டும் கூறி அமையவில்லை. ஆடவல்லான் என்னும் கல்லால் அது நிறுக்கப்பட்டதென்பதையும் சேர்த்தே பொறித்துள்ளன. அளவு கூறுபவர் அளவுகோலையும் கூறுதல் வேண்டும் என்னும் நெறி அக்காலத்திலேயே பேணப்பட்டது.

ஆயினும் உரைகல் மேற்பரப்பை மாத்திரமே அறியும். உள்ளே செம்பும் வெளியே பொன்முலாமும் உடைய பொருள் அதனை ஏமாற்றிவிடும். எனவே உள்ளத்தை உள்ளவாறு காட்டும் சான்றாளன் தீயே என மக்கள் கண்டனர். சோதிக்க வேண்டிய துண்டை ஈயத்தோடு சேர்த்து, எலும்புச் சாம்பலாற் செய்த சிறு குகையில் இட்டுக் காற்றோட்டத்திற் காய்ச்சுவர். ஈயமும் செம்பு முதலிய இழிந்த உலோகங்களும் ஒட்சைட்டுக்களாகிச் சாம்பலிற் சுவறிவிடும். பொன்னும் வெள்ளியும் சிறு மணியாக எஞ்சி நிற்கும். அம்மணியை நைத்திரிக்கமிலத்தில் இட்டால் வெள்ளி கரையும், பொன் கரையாது. பொன் ஒரு பங்கும் வெள்ளி மூன்று பங்கும் இருந்தாற்றான் இப்பிரிவு செவ்வையாக நிகழுமாதலின், வெள்ளி குறைந்தவிடத்து வேண்டிய அளவைச் சேர்த்துக்கொள்வர். 1556இல் வெளிவந்த அக்ரிகோலாவின் சுரங்க நூலும், 1574இல் வெளிவந்த லாசரஸ் எர்க்கரின் நூலும் இம்முறைகளை விரிவாக எடுத்துரைக்கின்றன.

சோதனை சிறந்ததாயினும் சோதிப்பவர் நடுநிலை தவறினாற் பயன் யாது? இங்கிலாந்தில் இதற்கொரு வழி கண்டனர். நாணயசாலையில் அச்சிடப்படும் காசுகளிற் சிலவற்றை அவ்வப்போது ஒரு பேழையில் இட்டு வைத்து, பின்னர் நாணயசாலையைச் சாராத பொற்கொல்லர் குழுவொன்றின் முன் திறந்து சோதித்தனர். 1282 முதல் அறியப்படும் இவ்வழக்கம் இன்றும் தொடர்கிறது. 1710ஆம் ஆண்டுச் சோதனையில், நாணயசாலைத் தலைவராயிருந்த சர் ஐசாக் நியூற்றனின் பொற்காசுகள் தரங்குறைந்தன எனக் குழுவினர் தீர்ப்பளித்தனர். நியூற்றன் அதனை ஏற்கவில்லை. ஒப்பிடுதற்கென 1707இற் செய்யப்பட்ட மாதிரித் தகடே வேண்டிய அளவினும் தூயதாய் அமைந்துவிட்டது என்று வாதிட்டார். ஈற்றில் அத்தகடு கைவிடப்பட்டு, 1688ஆம் ஆண்டுத் தகடு மீண்டும் ஆளப்பட்டது. காசைச் சோதிக்கும் அளவுகோலையும் சோதித்தல் வேண்டும் என்பதற்கு இந்நிகழ்ச்சி தக்க சான்று.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பொன் புதியதோர் இருப்பிடத்தை அடைந்தது. துருவேறாமலும் மின்னைத் தடையின்றிக் கடத்தியும் நிற்கும் இயல்பினால், இலத்திரனியற் கருவிகளின் இணைப்பு முனைகளுக்குப் பொன்முலாம் பூசினர். வெள்ளி, பல்லேடியம் என்பனவும் மின்சுற்றுப் பலகைகளில் இடம்பெற்றன. ஒரு தொன் பாறையிற் சில கிராம் பொன் இருந்தாலே சுரங்கந் தோண்டுவர். மின்கலம் நீக்கிய கையடக்கத் தொலைபேசிகள் ஒரு தொன்னிலோ ஏறத்தாழ 300 கிராம் பொன் உண்டு என்பது பொதுவான மதிப்பீடு.

ஆனால் எல்லாக் குவியலும் ஒன்றன்று. தோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களுக்காக 2017 ஏப்பிரில் முதல் 2019 மார்ச் வரை யப்பானிய நகராட்சிகள் 78,985 தொன் சிறு மின்கருவிகளைச் சேகரித்தன. அவற்றோடு 62 இலட்சத்துக்கு மேற்பட்ட கையடக்கத் தொலைபேசிகளும் கடைகள் வழியே சேர்ந்தன. அவற்றிலிருந்து பதக்கங்களுக்கெனப் பெற்ற பொன் 32 கிலோகிராம். வெள்ளி 3,500 கிலோகிராம். வகுத்துப் பார்த்தால், தொன்னுக்கு அரைக் கிராம் பொன்னும் தேறவில்லை. தொலைபேசி அக்குவியலிற் சிறுபங்கே. எஞ்சியவை பெரும்பாலும் பிளாத்திக்கும் இரும்பும் கண்ணாடியும் ஆம். 'இலத்திரனியற் கழிவு' என்னும் ஒரே பெயருக்குள் இத்துணை வேறுபாடு அடங்கியிருக்குமாயின், ஒரு குவியலைக் கண்ணாற் கண்டு விலை கூறுதல் எங்ஙனம்?

இங்கே தீயினும் அமிலத்தினும் கடினமானது, ஒரு கைப்பிடி மாதிரியை நேர்மையாக எடுத்தலேயாகும். காசில் உலோகம் ஒருபடித்தாய்க் கலந்திருக்கும். எந்த ஓரத்தை வெட்டினும் விடை ஏறக்குறைய ஒன்றே. நொறுக்கிய மின்சுற்றுப் பலகையிலோ பொன் அனைத்தும் சில முனைகளிலே ஒடுங்கியிருக்கும். கைப்பிடிக்குள் ஒரு முனை கூடுதலாக அகப்பட்டால் மதிப்பு உயரும், அகப்படாவிடிற் சரியும். பிரான்சிய அறிஞர் பியர் ஜீ 1950கள் முதல் வகுத்த மாதிரிக் கோட்பாடு இதனை விளக்குகிறது. குவியலின் ஒவ்வொரு துணுக்கும் மாதிரியில் இடம்பெறச் சமவாய்ப்புப் பெறல் வேண்டும். துணுக்கு பெரிதாகுந்தோறும் மாதிரியும் பெரிதாதல் வேண்டும்.

ஆதலின், பெரிய உருக்காலைகள் கழிவு முழுவதையும் நொறுக்கி, ஓடும் பட்டியிற் செலுத்தி, குறித்த இடைவெளிகளிற் பட்டியின் முழு அகலத்திலிருந்தும் பகுதி எடுக்கின்றன. அப்பகுதியை மேலும் நொறுக்கிப் பகுத்து, பிளாத்திக்கை எரித்து, எஞ்சியதைத் தூளாக அரைக்கின்றனர். அரைபடாத உலோகத்தை வேறாக நிறுத்து உருக்கிச் சோதிக்கின்றனர். தூள் மூன்று பொதிகளாகப் பகுக்கப்படும். ஒன்று விற்பவனுக்கு, ஒன்று வாங்குபவனுக்கு. மூன்றாவது முத்திரையிடப்பட்டு நடுவருக்கென வைக்கப்படும். இருவர் கண்ட விடைகளும் உடன்படிக்கையில் விதித்த எல்லைக்கு மேல் வேறுபடின், மூன்றாம் பொதி திறக்கப்படும். 1282ஆம் ஆண்டுப் பேழையின் நெறியே இங்கும் ஆட்சி செய்கிறது.

கருவிகள் பெருகியுள்ளமை உண்மை. ஒவ்வொரு மூலகமும் தனக்கே உரிய எக்ஸ் கதிரை வெளியிடும் என்பதை மோஸ்லி 1913இல் நிறுவினார். அவ்வடிப்படையில் அமைந்த கைக்கருவி சில விநாடிகளில் விடை கூறும். எனினும் அது பழைய உரைகல்லைப் போன்றே மேற்பரப்பை மட்டும் காண்பது. முலாம் பூசிய முனையை அது செல்வமென்று காட்டக்கூடும். ஆகவே தூளை இராசதிராவகத்திற் கரைத்து, பல்லாயிரம் பாகை வெப்பமுடைய பிளாசுமாவிற் செலுத்தி, மூலகங்கள் உமிழும் ஒளியை அளக்கின்றனர். ஈயமும் எலும்புச் சாம்பலும் கொண்ட தீச்சோதனையும் கைவிடப்படவில்லை. செம்பும் நிக்கலும் மிகுந்த கழிவு அதற்கு இடையூறாதலின், ஈயத்தைக் கூட்டியோ, செம்பை முன்னரே அமிலத்தால் நீக்கியோ நடத்துகின்றனர். சுவீடனில் ரொன்ஸ்கார், பெல்ஜியத்தில் ஹொபோகன் ஆகிய இடங்களிலுள்ள உருக்காலைகளிற் பேரளவில் நிகழ்வதும் இதனோடு ஒத்ததே. சோதனைக் குகையில் ஈயம் பொன்னைத் திரட்டுவதுபோல, உருகிய செம்பு ஆலையிற் பொன்னைத் திரட்டுகிறது.

இவ்வளவு நுண்மையான அளவை நிகழ்வது வியாபாரச் சங்கிலியின் ஈற்றிலேயாம். அதன் தொடக்கத்தில் நிற்பவன் வீடுவீடாகச் சென்று பழைய கருவிகளைச் சேர்க்கும் ஏழை. அவன் பொருள் கிலோக் கணக்கில் நிறுக்கப்படும். அதன் மாற்றோ அவனுக்குத் தெரியாது. மாற்றறியாதவன் தன் பொருளைத் தானே உருக்க முயல்வான். சீனத்தின் குவாங்டொங் மாகாணத்துக் குய்யூவிற் பலகைகளை அடுப்பிற் சுட்டு, அமிலத்தில் ஊறவைத்துப் பொன் எடுத்தனர். கானா நாட்டின் அக்ராவில், 2021இல் இடிக்கப்பட்ட அக்பொக்பிலோசி முற்றத்திற் கம்பிகளை வெளியில் எரித்துச் செம்பு எடுத்தனர். ஈயமும் நச்சுப் புகையும் அத்தொழிலாளரின் உடலிலும் அயலின் மண்ணிலும் நீரிலும் படிந்தன. தீங்குள்ள கழிவுகள் எல்லை கடந்து செல்வதைக் கட்டுப்படுத்த 1989இல் பாசல் உடன்படிக்கை எழுந்தது; ஆயினும் களஞ்சிய வாயிலில் நின்று விலை கேட்பவனுக்கு அது மாற்றறிந்து சொல்லாது.

2022ஆம் ஆண்டில் உலகிற் சேர்ந்த இலத்திரனியற் கழிவு 620 இலட்சம் தொன். அதிற் சேகரித்து மீட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டுமே என ஐக்கிய நாடுகள் அறிக்கை கூறுகிறது. எஞ்சியதைச் சேர்க்க உருக்காலைகள் மட்டும் போதா. சேகரிப்போர் கூட்டாகச் சேர்ந்து, தம் பொருளை வகைபிரித்து, மாதிரி எடுக்கும் முறையைக் கண்முன்னே கண்டு, மூன்றாம் பொதியைக் கேட்கும் உரிமை பெறுதல் வேண்டும். அரசனின் நாணயசாலைத் தலைவரையே குழுவின் முன் நிறுத்திய அந்நெறி, குப்பை பொறுக்குபவனுக்கும் துணைநிற்கும் நாளிலேதான் மாற்றறியும் கலை தன் பணியை முழுமையாகச் செய்ததாகும்.