பவர்பாயிண்ட்டும் ஜிஃப்பும்: ஒரே வருஷத்துப் பிள்ளைங்க

ஸ்லைடுல எழுத்து பறந்து வந்து உக்காருது, அம்புக்குறி தானா நகருது. இதை அப்படியே ஒரு ஜிஃப் படமா மாத்தறது இப்பல்லாம் ரெண்டு க்ளிக் வேலை. ஆனா இந்த ரெண்டும் ஒண்ணு சேர முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு மக்களே!

இத்தனைக்கும் ரெண்டும் பிறந்தது ஒரே வருஷம், 1987. ஏப்ரல்ல ஃபோர்தாட்ங்கற சின்ன கம்பெனி மெக்கின்டாஷுக்காக பவர்பாயிண்ட்டை வெளியிட்டது. அதே வருஷமே மைக்ரோசாஃப்ட் 1.4 கோடி டாலருக்கு கம்பெனியையே வளைச்சுப் போட்டுடுச்சு. ஜூன்ல கம்ப்யூசர்வ் நிறுவனத்தில் ஸ்டீவ் வில்ஹைட் குழு ஜிஃப்பைக் கொண்டு வந்தாங்க. ஆமை வேக மோடத்துல கலர் படம் சீக்கிரம் இறங்கணும், அவ்ளோதான் நோக்கம்.

1989ல வந்த 89ஏ பதிப்புலதான் ஒவ்வொரு படமும் எவ்வளவு நேரம் நிக்கணும்னு நொடியில் நூறில் ஒரு பங்கு கணக்குல குறிக்க முடிஞ்சது. ஆனா, 'இது அனிமேஷனுக்கான தளம் இல்லை'ன்னு அந்த ஆவணமே சொல்லுது :-) 1996ல வெளியான நெட்ஸ்கேப் 2.0 அதையெல்லாம் கண்டுக்காம, படம் திரும்பத் திரும்ப ஓட வழி பண்ணிடுச்சு. நெட்ஸ்கேப்புக்கு 2008லயே மூடுவிழா நடந்தாச்சு. ஆனா சுத்திச் சுத்தி ஓடற ஜிஃப் ஃபைலைத் திறந்து பாருங்க, உள்ளே அந்தப் பேரு இன்னும் உக்காந்திருக்கும்.

நடுவுல ஒரு கண்டம் வேற. ஜிஃப்பைச் சுருக்கற எல்இசட்டபிள்யூ முறைக்கு யுனிசிஸ் காப்புரிமை வெச்சிருந்தது. மென்பொருள் செய்யறவங்க காசு கட்டணும்னு 1994 டிசம்பர்ல அறிவிப்பு வந்தது. கோபத்துல பிறந்தது பிஎன்ஜி. ஆனா அதுக்கு அசையத் தெரியலை, ஜிஃப் பிழைச்சுக்கிச்சு. அமெரிக்காவில் 2003 ஜூன்ல காப்புரிமை காலாவதி.

சரி, மாத்தும்போது என்னதான் நடக்குது? பவர்பாயிண்ட் ஃபைல்ல இருக்கறது கட்டளைகள். 'இந்த எழுத்து இடப்பக்கமிருந்து வரட்டும்'ங்கற மாதிரி. அதை நடத்திக் காட்ட மென்பொருள் வேணும், ஃபாண்ட் வேணும். ஜிஃப்ல இருக்கறது நடந்து முடிஞ்சதோட படங்கள், ஃப்ரேமுக்கு அதிகபட்சம் 256 நிறம். அதான் இதமா மங்கற பின்னணி பட்டை பட்டையா தெரியுது. சத்தமும் கிடையாது. பழைய பவர்பாயிண்ட்ல ஜிஃப்னு சேமிச்சா அசையாத ஸ்லைடுதான் கிடைக்கும். அசைவை நாமே பல ஸ்லைடா உடைச்சு, வேற மென்பொருள்ல கோக்கணும். நேரடி வசதி வந்தது 365, 2021 பதிப்புகள்லதான்.

யூனிகோடுக்கு முந்தின தமிழ் ஃபாண்ட்டுகளோட மல்லுக்கட்டினவங்களுக்கு இதோட அருமை புரியும். ஸ்லைடை வேற கம்ப்யூட்டர்ல திறந்தா தமிழ் ஜிலேபியாயிடும். ஜிஃப்ல ஒரு புள்ளி மாறாது. ஆனா அந்தத் தமிழ் எழுத்து இல்லை, வெறும் புள்ளிகள். தேட முடியாது, திருத்த முடியாது. இது ஒருவழிப் பாதை.

அதனால ஜிஃப்பை ஊருக்குக் கொடுங்க, மூல ஃபைலை மட்டும் பத்திரமா வெச்சுக்குங்க. உங்ககிட்ட அப்படி எழுத்து தொலைஞ்சு படம் மட்டும் மிச்சமான பழைய தமிழ்ப் பக்கம் எதாவது இருக்கா?