ஒரு தாள் பாக்கி

சந்தவாசலுக்குப் பட்டைப் பற்றிப் பேசத்தான் போனேன். பட்டத்தைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன்.

போளூரிலிருந்து வேலூர் செல்லும் சாலையில், ஜவ்வாது மலை கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது அந்த ஊர். படவேட்டு ரேணுகாம்பாளைத் தரிசிக்கப் போனவர்களுக்கு எளிதில் அடையாளம் தெரியும். ஆரணிப் பட்டு என்று கடையில் விரித்துக் காட்டுகிறார்களே, அது முழுவதும் ஆரணி ஊருக்குள்ளேயே நெய்யப்படுவதல்ல. சுற்றுவட்டாரத்துச் சிற்றூர்த் தறிகளுக்கும் அதில் பங்கு உண்டு. அப்படிப்பட்ட ஒரு தறிக்கு முன்னால்தான் நான் உட்கார்ந்திருந்தேன். தறியில் இருந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். கை பாட்டுக்கு நெய்துகொண்டிருந்தது. முகம் மட்டும் வாடியிருந்தது.

விஷயம் இதுதான். அவருடைய மகள் பி.எஸ்.ஸி. கணிதம் படித்து முடித்துவிட்டாள். கணிதத்தில் எல்லாத் தாளிலும் நல்ல மார்க்கு. ஆனால் ஆங்கிலத்தில் ஒரு தாள் நின்றுவிட்டது. இரண்டு தடவை எழுதியும் தேறவில்லை. "போதும் அப்பா, நான் வேலைக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டாளாம். பட்டம் கைக்கு வரவில்லை.

"பாவுல ஒரு இழை அறுந்துபோனா, மொத்தப் பாவையும் கழட்டியா சார் போடுறோம்? முடிச்சுப் போட்டுட்டு மேல நெய்றோம். படிப்புல மட்டும் ஏன் சார் இப்படி?" என்று கேட்டார்.

எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வாய் வரவில்லை. காரணம் உண்டு. நானும் கல்லூரிப் படிப்பை நடுவில் விட்டவன். என் புத்தகங்களின் பின்னட்டையில் என் பெயருக்குப் பக்கத்தில் இரண்டெழுத்து இல்லாமலே இத்தனை வருஷம் ஓடிவிட்டது. ஆகவே ஊர் திரும்பியதும் இந்தப் பட்டத்தின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தேன். நேயர்களும் என்னுடன் சற்றே பின்னோக்கி வரவேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது 1857 செப்டம்பர் 5-ஆம் தேதி. கல்கத்தாவும் பம்பாயும் அதே ஆண்டில் சில மாதங்கள் முந்திக்கொண்டன. மூன்றுக்கும் லண்டன் பல்கலைக்கழகந்தான் மாதிரி. அதாவது, பாடம் சொல்லிக் கொடுப்பது கல்லூரிகளின் வேலை. பரீட்சை வைத்துச் சலித்தெடுத்துப் பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகத்தின் வேலை. சல்லடை ஓரிடத்தில், தானியம் வேறிடத்தில்!

அந்தச் சல்லடையில் முதன்முதலாகத் தேறி 1858-இல் பி.ஏ. ஆனவர்கள் இரண்டே பேர். ஒருவர் சி. வை. தாமோதரம் பிள்ளை, மற்றவர் கறோல் விசுவநாத பிள்ளை. இருவரும் சென்னைக்காரர்கள் அல்லர், தஞ்சாவூர்க்காரர்களும் அல்லர்; கடல் கடந்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். இது எப்படி நேர்ந்தது?

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்கப் பாதிரிமார்கள் 1823-இல் ஒரு செமினரியை ஆரம்பித்தார்கள். டேனியல் பூர் என்பவர் அதன் தலைவர். தங்கள் நாட்டுக் கல்லூரிகளில் எப்படிப் படித்தார்களோ அப்படியே அங்கும் நடத்த ஆசைப்பட்டார்கள். அந்தக் கல்லூரிகளின் கொள்கை மிகப் பழையது. மத்தியகால ஐரோப்பாவில் இலக்கணம், தர்க்கம், சொல்வன்மை, எண், வடிவக்கணிதம், இசை, வானியல் என்று ஏழு கலைகளை வகுத்து, இவை தெரிந்தவனே படித்தவன் என்றார்கள். ஒரு தொழிலுக்கு ஆள் தயாரிப்பதல்ல நோக்கம். எந்தத் தொழிலுக்குப் போனாலும் நிமிர்ந்து நிற்கும் மனிதனைத் தயாரிப்பது. வட்டுக்கோட்டைப் பையன்கள் ஆங்கிலமும் வேதாகமமும் கணிதமும் வானநூலும் படித்தார்கள். கூடவே தமிழ் இலக்கண இலக்கியமும் படித்தார்கள். இலங்கையின் காலனிச் செயலாளராக இருந்த எமர்சன் டென்னன்ட், ஐரோப்பாவின் பல பல்கலைக்கழகங்களுக்கு இது சளைத்ததல்ல என்னும் பொருள்பட எழுதிப் பாராட்டினார்.

ஆனால் பாதிரிமார்களின் தலைமைச் சபைக்கு அது திருப்தியில்லை. பையன்கள் ஆங்கிலம் கற்றதும் ஊழியத்துக்கு வராமல் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போய்விடுகிறார்களே என்பது அவர்கள் மனக்குறை. 1855-இல் செமினரியை மூடிவிட்டார்கள். மூடிய பள்ளியில் படித்தவர்கள்தாம் மூன்றாண்டுக்குள் சென்னையின் முதல் பட்டதாரிகளானார்கள்!

தாமோதரம் பிள்ளை 1871-இல் பி.எல்.லும் தேறினார், பிற்காலத்தில் புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தார். இன்று நாம் அவரை நினைப்பது அதற்காக அல்ல. செல்லரித்துக் கிடந்த ஏடுகளைத் தேடிப் பிடித்து வீரசோழியத்தையும், தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், கலித்தொகையையும் அச்சேற்றினாரே, அதற்காகத்தான். தமிழையும் கணக்கையும் ஆங்கிலத்தையும் ஒரே கூரையின் கீழ் கற்றதன் பலன் அது. பட்டத்துக்குப் பல பாடம் வேண்டும் என்ற விதிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

விதியின் இன்னொரு முகத்தைப் பார்க்கக் கும்பகோணத்துக்குப் போகவேண்டும்.

அங்கே சர்க்கார் கல்லூரியில் 1880 முதல் 1903 வரை தமிழ் சொல்லிக் கொடுத்தவர் உ. வே. சாமிநாதையர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். எந்தப் பரீட்சையும் எழுதாதவர். பி.ஏ. வகுப்புக்குப் பாடம் நடத்திய அவர் பி.ஏ. அல்லர். சீவக சிந்தாமணியை அவர் 1887-இல் பதிப்பித்தபோதும் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்தும் இல்லை. பல்கலைக்கழகம் 1932-இல் டாக்டர் பட்டம் கொடுத்துத் தன் கணக்கை நேர் செய்துகொண்டது.

அந்தத் தமிழுக்கே ஒரு கண்டம் வந்தது. பல்கலைக்கழகங்களைச் சீர்திருத்த 1902-இல் ஒரு கமிஷன் அமைந்தது. பட்டப் படிப்பில் தாய்மொழிகளுக்கு இடம் வேண்டாம் என்ற யோசனை கிளம்பிற்று. கிறிஸ்தவக் கல்லூரித் தமிழாசிரியர் வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியாரும் மு. சி. பூரணலிங்கம் பிள்ளையும் எதிர்த்து வாதாடினார்கள். தமிழ் தங்கிற்று. சாஸ்திரியார்தாம் தங்கவில்லை, 1903-இல் முப்பத்து மூன்றாம் வயதில் காலமானார். ஆகவே, பாடத்திட்டம் என்பது மலைபோல் அசையாத வஸ்து அல்ல. மனிதர்கள் வாதாடி வைத்தது, வாதாடி மாற்றக்கூடியது.

சாமிநாதையர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறிப்போன மறு வருஷம், 1904-இல், கும்பகோணம் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் ஒரு பையன் சேர்ந்தான். பெயர் ராமானுஜன். எஃப்.ஏ. என்பது மெட்ரிகுலேஷனுக்கும் பி.ஏ.வுக்கும் நடுவிலிருந்த படி. பிற்பாடு அதன் இடத்தில் இன்டர்மீடியட் வந்தது. அதுவும் போய் பி.யு.சி. வந்தது, 1978-இல் பிளஸ் டூ வந்தது. அந்தக் காலத்து எஃப்.ஏ.வில் ஒரு பாடத்தில் தவறினால் பரீட்சையே தவறியதாகக் கணக்கு. மற்றப் பாடங்களில் வாங்கிய மார்க்கு ஆற்றோடு போயிற்று.

ராமானுஜனுக்குக் கணிதத்தைத் தவிர வேறொன்றிலும் மனம் செல்லவில்லை. ஆங்கிலத்தில் தவறினார், உபகாரச் சம்பளம் போயிற்று. வெட்கம் தாளாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே உடற்கூறு சாஸ்திரம் காலை வாரிற்று. 1907-இலும் எழுதினார், அப்போதும் தேறவில்லை. பிழைப்புக்கு வழியில்லாமல் அலைந்து, 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்க் குமாஸ்தா ஆனார். அங்கிருந்துதான் 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார்.

இதற்குப் பிறகு நடந்ததை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. எஃப்.ஏ.வில் தோற்கடித்த அதே சென்னைப் பல்கலைக்கழகம் 1913-இல் அவருக்கு மாதம் எழுபத்தைந்து ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் கொடுத்தது. பட்டமில்லாதவருக்கு அதைக் கொடுக்க விதியில் இடமில்லை என்ற ஆட்சேபணை எழத்தான் செய்தது. பல்கலைக்கழகச் சட்டத்தின் முகவுரையிலேயே ஆராய்ச்சியை வளர்ப்பது ஒரு நோக்கமாகச் சொல்லியிருக்கிறதே என்று எடுத்துக்காட்டி வழி பண்ணினார்கள். கேம்பிரிட்ஜிலும் வழக்கமான தகுதிச் சான்று கேட்காமல் சேர்த்துக்கொண்டு, ஆராய்ச்சிக் கட்டுரைக்காக 1916-இல் பி.ஏ. பட்டம் கொடுத்தார்கள். உலகம் போற்றும் கணித மேதை பி.ஏ. தேறியது இந்த விதமாகத்தான்.

அப்படியானால் மனசுக்குப் பிடித்ததை மட்டும் படிக்க விட்டுவிடலாமா? அதையும் ஒரு தேசத்தார் செய்து பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவின் ஹார்வர்டில் 1869 முதல் நாற்பது வருஷம் தலைவராயிருந்த சார்லஸ் எலியட், கட்டாயப் பாடங்களைக் கிட்டத்தட்ட முழுவதுமே எடுத்துவிட்டார். மாணவர்கள் தங்களுக்கு இஷ்டமானதைப் பொறுக்கிக்கொண்டார்கள். இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று மேய்ந்தவர்களும் பலர். 1909-இல் அவருக்குப் பின் வந்த லோவல், ஒரு துறையில் ஆழமும் வேண்டும், மற்றத் துறைகளில் கொஞ்சம் அகலமும் வேண்டும் என்று கடிவாளத்தை இழுத்துப் பிடித்தார்.

நம்முடைய கலைக் கல்லூரிகளிலும் இன்று ஏறக்குறைய அதுதான் ஏற்பாடு. முதற் பகுதி தமிழ் அல்லது வேறொரு மொழி, இரண்டாவது ஆங்கிலம், மூன்றாவது முக்கியப் பாடமும் அதன் துணைப் பாடமும், நான்காவதில் சுற்றுச்சூழல் கல்வி போன்றவை, ஐந்தாவது நாட்டு நலப்பணி, என்.சி.சி. முதலிய தொண்டுகள். பெரும்பாலான இடங்களில் மூன்று வருஷத்தில் 140 கிரெடிட் சேர்க்க வேண்டும். தாளுக்குத் தாள் நூற்றுக்கு நாற்பது வாங்க வேண்டும். ராமானுஜன் காலத்துக்கும் நம் காலத்துக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றுண்டு. இன்று ஒரு தாளில் தவறினால் அந்த ஒரு தாளை எழுதினால் போதும். 'அரியர்' என்று பையன்கள் அலுத்துக்கொள்கிறார்களே, அது உண்மையில் ஒரு தலைமுறை கண்ணீர் விட்ட பிறகு கிடைத்த சலுகை.

இவ்வளவையும் மனசில் போட்டுக்கொண்டு மறுபடி சந்தவாசலுக்குப் போனேன்.

"இழை அறுந்தால் முடிச்சுப் போடுவோம் என்றீர்களே, போடாமல் விட்டு நெய்தால் என்ன ஆகும்?" என்று அவரைக் கேட்டேன்.

"ஐயோ, முழுக்கக் கோடு விழுந்துடும் சார். சேலையை யாரும் எடுத்துக்க மாட்டாங்க."

"அந்தக் காலத்தில் பாவு முழுவதையும் கழற்றி எறிந்தார்கள். இப்போது அப்படி இல்லை. உங்கள் பெண்ணுடைய பாவு தறியிலேயேதான் இருக்கிறது. ஓர் இழைதான் பாக்கி" என்றேன்.

உள்ளிருந்து அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். ராமானுஜனும் இங்கிலீஷில்தான் தவறினார் என்று சொன்னேன். அவளுக்கு அது தெரியும். கணித மாணவி அல்லவா!

"அவர் மாதிரி எனக்குக் கணக்கு வராதே சார்" என்றாள்.

"அதனால்தான் நீ எழுத வேண்டும், அம்மா. அவருக்காக ஹார்டி வந்தார். சட்டத்தின் முகவுரையைப் புரட்டினார்கள். உனக்கும் எனக்கும் அப்படி யாரும் வரமாட்டார்கள். நான் என் இழையை முடியாமல் விட்டவன். கதை எழுதிப் பிழைத்துக்கொண்டேன் என்பது வேறு விஷயம். ஆனால் விண்ணப்பத் தாளில் 'கல்வித் தகுதி' என்ற கட்டத்தைக் காணும்போதெல்லாம் அந்தக் கோடு என் கண்ணில் படுகிறது."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டாள். அவள் அப்பா நாடாவைக் கையில் எடுத்தார்.

இரண்டு வாரம் கழித்து அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. சேலை ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். கடைசியில், போனை வைக்கும் சமயத்தில், "பணம் கட்டிட்டா சார்" என்றார்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை.