எழுவான், படுவான், பூச்சியம்

மட்டக்களப்பு வாவிக்கு இரண்டு கரை. கடல் பக்கம், சூரியன் எழும்புகிற எழுவான்கரை. மேற்கே வயல் பக்கம், அது படுகிற படுவான்கரை. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான தண்ணியை நடுவில் வைத்து, எங்கட ஆக்கள் நிலத்துக்குத் திசையால் பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கட பள்ளிக்கூடக் கணிதத்திலும் இதே மாதிரி ஒரு பாடம் இருக்கு: ‘திசைகொண்ட எண்கள்’.

நடுவில் பூச்சியம், ஒரு பக்கம் நேர் எண், மறு பக்கம் மறை எண். ஆனால் படிக்கும்போது ‘மறை என்றால் குறை’ என்றுதான் பலருக்கும் மனதில் பதியுது. பெரிய பெரிய ஆக்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஓர் எண்ணின் நாலு மடங்கோடு 20ஐக் கூட்டினால் 4 வரும், அந்த எண் எது? விடை −4. கிரேக்கத்தில் எழுதிய கணித அறிஞர் டயோபாண்டஸ் இப்படியான சமன்பாட்டை அபத்தம் என்று தள்ளிவிட்டார்.

கி.பி. 628இல் பிரம்மகுப்தர் அதற்கு இடம் கொடுத்தார். நேர் எண்ணை ‘தனம்’ என்றார், மறை எண்ணை ‘ருணம்’, அதாவது கடன் என்றார். பூச்சியத்திலிருந்து கடனைக் கழித்தால் தனம் வரும் என்பது அவருடைய விதிகளில் ஒன்று. எதிரின் எதிர் பழையபடி அதே எண். வாவியை இரண்டு தரம் கடந்தால் சொந்தக் கரைக்கே வந்து சேருவோமே, அது மாதிரி. ஆனாலும் கடன் என்ற சொல்லில் ஒரு ‘இல்லாமை’ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1150 அளவில் பாஸ்கரர் எழுதிய ‘லீலாவதி’யில் ஒரு முக்கோணக் கணக்கு வருகிறது. அடிப்பக்கம் 9, மற்றப் பக்கங்கள் 10, 17. உச்சியிலிருந்து செங்குத்தாகக் கோடு இறக்கினால் அடிப்பக்கம் எப்படிப் பிரியும்? கணக்குப் போட்டால் ஒரு துண்டு 15, மற்றது −6. மறை நீளமா? பாஸ்கரர் அதை எறியவில்லை. அது எதிர்த் திசையில் இருக்கிறது என்றார். அதாவது செங்குத்துக் கோடு அடிப்பக்கத்துக்கு வெளியே போய் விழுகிறது. குறியை விட்டு 6ஐ மட்டும் எடுங்கள்: 10இன் வர்க்கத்தில் 6இன் வர்க்கத்தைக் கழித்தால் 64. மற்றப் பக்கம் 17இலும் 15இலும் செய்தாலும் 64. உயரம் 8. திசை தனி, அளவு தனி. இரண்டும் சேர்ந்தால்தான் படம் முழுமையாகுது.

அந்த அளவைத்தான் தனிப்பெறுமானம் என்கிறோம். இரண்டு நிலைக்குத்துக் கோடுகளுக்குள் எண்ணைப் போடும் |−6| = 6 என்ற குறியீட்டை 1841இல் பயன்படுத்தியவர் ஜெர்மானியர் வையர்ஸ்ட்ராஸ்.

இப்ப வாவிக்கு வருவோம். அதை ஒரு கோடாக நினைத்துப் பூச்சியம் என்று வையுங்கள். கிழக்கே 3 கிலோமீற்றரில் ஒரு வீடு, மேற்கே 3 கிலோமீற்றரில் ஒரு வீடு. ஒன்று +3, மற்றது −3. தனிப்பெறுமானம் இரண்டுக்கும் 3தான். மேற்கே இருக்கிற வீடு எந்த விதத்திலும் ‘குறைந்த’ வீடு இல்லை.

எங்கட மாவட்டத்தில் இதைச் சொல்லத் தேவை இருக்கிறது. யுத்த காலத்தில், 2007 வரை, படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளிடம், எழுவான்கரை இராணுவத்திடம். தண்ணியின் அகலம் மாறவில்லை, ஆனால் எந்தப் பக்கத்து ஆள் என்பது சோதனைச் சாவடியில் உயிர்ப் பிரச்சினை. மண்முனையில் 2014இல் பாலம் திறக்கும்வரை சனம் ‘பாதை’யில்தான், அதாவது ஆளையும் வாகனத்தையும் ஏற்றுகிற மிதவையில்தான், கடந்தது. நெல்லும் தயிரும் அங்கேயிருந்து வந்தாலும், படுவான்கரை என்றால் பின்தங்கிய இடம் என்ற பேச்சு இன்னும் போகவில்லை.

கிழக்கை நேர் என்று வைத்தது நாங்கள்தான். கொக்கட்டிச்சோலையில் நின்று மேற்கை நேர் என்று வைத்தால் மட்டக்களப்பு நகரம் மறைப் பக்கம் போய்விடும். தூரம் ஒரு அடிகூட மாறாது.

தம்பி தங்கச்சிக்கு இந்தப் பாடம் சொல்லிக்கொடுக்கும்போது இரண்டு கேள்வியைப் பிரித்துக் கேளுங்கள்: எந்தப் பக்கம்? எவ்வளவு தூரம்? முதல் கேள்விக்குக் குறி பதில் சொல்லும், இரண்டாவதுக்குத் தனிப்பெறுமானம். ‘எது உயர்வு?’ என்ற கேள்விக்கு இந்த இரண்டிலும் பதில் இல்லை.