ராத்தண்ணி முதல் முழு நைட் வரை: நம் ஊர்த் தூக்கத்தின் கதை



நம் வாட்ஸ்அப் குழுவில் சென்ற மாதம் நடந்த வாக்குவாதம் உங்களுக்கு நினைவிருக்கும். காலை பத்தரை மணிக்கு ஒரு வீட்டில் டைல்ஸ் அறுத்துக்கொண்டிருந்தார்கள். இரவு வேலை முடிந்து வந்து அப்போதுதான் படுத்த ஒருவர், கொஞ்ச நேரம் நிறுத்த முடியுமா என்று கேட்டார். "பகல்ல தூங்கறது உங்க சௌகரியமுங்க. அதுக்காக எல்லாரும் வேலையை நிறுத்தோணுமா?" என்று பதில் வந்தது. பதில் சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இரவில் ஒரே மூச்சாக எட்டு மணி நேரம் தூங்குவதுதான் காலங்காலமாக இருந்த வழக்கம், மற்றதெல்லாம் இப்போது வந்த பழக்கம் என்று நம்மில் பலரும் நம்புகிறோம். நம் ஊரின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

தண்ணீர் எழுப்பிய காலம்

உங்கள் தாத்தாவோ பாட்டியோ தாராபுரத்தைச் சுற்றியுள்ள ஏதாவது ஒரு தோட்டத்தில் வாழ்ந்தவராக இருந்தால், கவலை ஓட்டிய கதையைக் கேட்டிருப்பீர்கள். கிணற்றிலிருந்து மாடுகளைக் கொண்டு பறியில் நீர் இறைப்பதுதான் கவலை. வெயில் ஏறினால் மாடு சோர்ந்துவிடும். ஆகவே கோழி கூப்பிடும் முன்பே, விடிவெள்ளியைப் பார்த்து மாட்டைப் பூட்டினார்கள். அதற்கு ஏற்றபடி பொழுது சாய்ந்ததும் படுத்தார்கள். மிச்சத் தூக்கத்தை மத்தியானம் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் முடித்தார்கள்.

வாய்க்கால் பாசனத்திலும் இதே கதைதான். முறைத்தண்ணீர் நடுச்சாமத்தில் வந்தால் நடுச்சாமத்தில்தான் மடை திருப்ப வேண்டும். தவறவிட்டால் அடுத்த முறை வரை பயிர் காயும்.

1932-இல் நீலகிரியின் பைக்காராவில் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அந்த மின்சாரம் கோவைப் பக்கம் வந்த பிறகு, கவலை ஓட்டிய கிணறுகளில் ஒவ்வொன்றாக மோட்டார் ஏறியது. மாட்டுக்கு ஓய்வு கிடைத்தது, மனிதனுக்குக் கிடைக்கவில்லை. விவசாயத்துக்கான மும்முனை மின்சாரம் பல ஆண்டுகள் பகலில் சில மணி நேரம், இரவில் சில மணி நேரம் என்று பிரித்துத் தரப்பட்டது. பேட்டரி லைட்டை எடுத்துக்கொண்டு, பாம்புக்குப் பயந்து தரையைத் தட்டியபடி மோட்டார் போடப் போனவர்கள் இன்றும் நம் நடுவில் இருக்கிறார்கள். ஆட்டோ ஸ்டார்ட்டரும் அதன் பின் செல்போனில் இயங்கும் ஸ்டார்ட்டரும் வந்த பிறகுதான் அந்த ராத்தண்ணி வேலை குறைந்தது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ராத்திரி விழித்தவன் தனியாக விழிக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்திலும் விளக்கு எரிந்தது. மத்தியானம் அவன் தூங்கியபோது அந்தப் பக்கம் முழுவதும் அடங்கிக் கிடந்தது.

சங்கு ஊதிய காலம்

1888-இல் கோவையில் ஸ்டேன்ஸ் மில் தொடங்கியது. பைக்காரா மின்சாரம் வந்த 1930களில் மில்கள் பெருகின. பகல் ஷிப்ட், அரை நைட், முழு நைட் என்ற சொற்கள் நம் வட்டாரப் பேச்சில் குடியேறின. வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும்போது தூக்கமும் இடம் மாறியது. ஆனால் மில் லைன் வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரரும் மில்காரர்தான். அவர் முழு நைட் முடித்து வந்து படுத்திருக்கிறார் என்றால் பிள்ளைகளை வாசலில் கத்தவிட மாட்டார்கள். யாரும் சட்டம் போட்டுச் சொன்னதில்லை. நாளைக்கு அந்த ஷிப்ட் தனக்கும் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் பெண்களை இரவு வேலைக்கு அமர்த்தக் கூடாது என்றது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாது என்று கூறி, பெண்களின் பாதுகாப்புக்கான நிபந்தனைகளையும் வகுத்தது. அதன் பின் இரவு ஷிப்ட் பெண்களுக்கும் உரியதாயிற்று. இன்று திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வருகிறவர், மருத்துவமனையில் இரவுப் பணி செய்யும் செவிலியர், அமெரிக்க நேரத்துக்குக் கம்ப்யூட்டர் முன் உட்காருகிறவர் எல்லோரும் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்குகிறார்கள். நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் நமக்கு மாலை 6.30 அல்லது 7.30. அவர் வேலையைத் தொடங்கும் நேரத்தில் நீங்கள் சாப்பிட உட்காருகிறீர்கள்.

குகைக்குள் போன விஞ்ஞானிகள்

மனிதன் தன் தூக்க நேரத்தை நினைத்தபடி மாற்றிக்கொள்ள முடியுமா? 1938-இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலுள்ள மாமத் குகைக்குள் நதானியேல் கிளைட்மன் என்ற ஆய்வாளரும் அவருடைய மாணவர் புரூஸ் ரிச்சர்ட்சனும் போனார்கள். சூரியன் எட்டாத அந்த இருட்டில் 32 நாட்கள் தங்கி, நாளொன்றுக்கு 28 மணி நேரம் என்று வைத்து வாழ்ந்து பார்த்தார்கள். அந்தக் கணக்கில் வாரத்துக்கு ஆறே நாள். இருபதுகளில் இருந்த ரிச்சர்ட்சனின் உடல் புதிய நேரத்துக்குப் பழகிக்கொண்டது. 43 வயதான கிளைட்மனின் உடல் வெப்பமோ 24 மணிக் கணக்கிலேயே ஏறி இறங்கியது. அவர் தூக்கம் வராமல் அவதிப்பட்டார். ஒரே குகை, ஒரே அட்டவணை, ஆனால் இரண்டு உடல்கள் இரண்டு விதமாக நடந்துகொண்டன. "என்னால முடியுதே, உனக்கு ஏன் முடியல?" என்று வீட்டில் யாரையும் கேட்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை இருபது நிமிடம் தூங்கினால் போதும் என்று காணொளி பார்த்து முயலும் நம் வீட்டு இளைஞர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

இதே கேள்வியை நமக்குப் பக்கத்திலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் வழியாகப் போனால் வரும் மதுரையில்தான் அந்த வேலை நடந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரனும் அவருடைய குழுவினரும் உயிர்களின் உள்கடிகாரத்தை ஆராய்ந்தார்கள். கடிகாரம், பகல் வெளிச்சம், வெளியார் பேச்சு எதுவும் எட்டாத தனிமைக் கூடம் ஒன்றில் தன்னார்வலர்களைத் தங்க வைத்தார்கள். அங்கே தங்கிய ஒரு பெண்ணைப் பற்றிய ஆய்வை 1991-இல் வெளியிட்டார்கள். அவருடைய மாதவிடாய்ச் சுழற்சி, தூக்க விழிப்புச் சுழற்சியோடு பிணைந்ததல்ல என்று அது காட்டியது. உடலுக்குள் இருப்பது ஒரே கடிகாரம் அல்ல. தூங்கும் நேரத்தை மாற்றினால் மற்றவையெல்லாம் தாமாகப் பின்னால் வந்துவிடாது.

அதே குழு அதற்கு முன் செய்த வௌவால் ஆய்வுதான் என் மனதில் நின்றுவிட்டது. மதுரை அருகே ஒரு குகைக்குள், இரவும் பகலும் இருட்டாக இருக்கும் இடத்தில், இலைமூக்கு வௌவாலைக் கூண்டில் தனியாக வைத்தார்கள். அந்தியில் வெளியே போய் விடியலில் திரும்பும் கூட்டம் அதே குகையில் இருந்தவரை, சூரியனையே காணாத கூண்டு வௌவாலும் சரியாக 24 மணி நேரக் கணக்கில் விழித்துத் தூங்கியது. கூட்டம் இல்லாத இடத்தில் அதன் நேரம் மெல்ல மெல்ல விலகிப் போயிற்று. அதற்கு நேரம் சொன்னது அதன் அக்கம்பக்கம்தான். 1981-இல் இதை வெளியிட்டார்கள். 1983-இல் இன்னொன்றையும் சொன்னார்கள்: வேறு குடும்பத்தைச் சேர்ந்த வௌவாலுக்கு இந்தக் கூட்டத்தின் நடமாட்டம் நேரம் சொல்லவில்லை.

நாம் வௌவால் அல்ல. மனிதரின் உள்கடிகாரத்தைத் திருத்துவதில் வெளிச்சத்துக்குத்தான் முதலிடம். ஆனாலும் சாப்பாட்டு வேளையும் அடுத்தவர் நடமாட்டமும் நம் தூக்கத்தோடு சேர்ந்தவையே. கவலை ஓட்டியவருக்கும் மில்காரருக்கும் அக்கம்பக்கம் துணை நின்றது. இன்றைக்கு இரவு ஷிப்ட் பார்ப்பவருக்கு அந்தத் துணை இல்லை. அவர் கண்ணை மூடும் நேரத்தில் குக்கர் விசில் அடிக்கிறது, கொரியர் மணி அடிக்கிறது, டைல்ஸ் அறுக்கிறார்கள். ராத்தண்ணிக்காரருக்கு ஊர் கொடுத்த மத்தியானத்தை நாம் அவருக்குக் கொடுக்கவில்லை.

நம்மால் ஆவது

வரும் பொதுக்குழுவில் மூன்று யோசனைகளை முன்வைக்கிறேன். துளையிடுதல், அறுத்தல், உடைத்தல் போன்ற வேலைகளைப் பிற்பகல் 2 மணிக்கு மேல் 6 மணிக்குள் வைத்துக்கொள்ளலாம். இரவு வேலை பார்ப்பவர்கள் விரும்பினால் கதவில் ஒரு சிறு அட்டை மாட்டலாம். அதைப் பார்த்தால் மணி அடிக்காமல் பார்சலைக் காவலரிடம் கொடுத்துவிட வேண்டும். தண்ணீர்த் தொட்டி மோட்டாரை அதிகாலையிலும் மாலையிலும் ஓட்டலாம்.

இரவு வேலை பார்ப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கனமான திரைச்சீலை போட்டு அறையை நன்றாக இருட்டாக்குங்கள். முடிந்தவரை தினமும் ஒரே நேரத்தில் படுங்கள். தூக்கம் கண்ணைச் சொருகும்போது திருப்பூரிலிருந்து பைக் ஓட்டி வராதீர்கள். கம்பெனி வண்டி இருந்தால் அதிலேயே வாருங்கள்.

நம் முன்னோர் விடிவெள்ளியைப் பார்த்து எழுந்து தண்ணீர் இறைத்தார்கள். பகலில் அவர்கள் தூங்கியதை யாரும் சோம்பல் என்று சொன்னதில்லை. இன்று நம் மேல் மாடியில் பகலில் தூங்குகிறவரும் அதே பிழைப்பைத்தான் பார்க்கிறார். பொதுக்குழுவுக்கு வாருங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் அங்கே சொல்லுங்கள், பேசி முடிவெடுக்கலாம்.