தோளேறிய பீரங்கி

குச்சனூர் சனீஸ்வரனுக்கு உரிய உலோகம் இரும்பு என்பார்கள். 1916இல் ஸோம் போர்க்களத்தில் டாங்கியாக இறங்கிய அதிகாரத்துக்கும் அதுவேதான். அதைத் துளைக்கும் சூத்திரம் எளியது. கூம்புவடிவ உலோகத்தகட்டின் பின்னே வெடிமருந்து வெடிக்கிறது. தகடு நசுங்கி, ஊசிபோல் நீண்டு பாய்கிறது. எஃகை உருக்குவதில்லை, அழுத்தத்தாலேயே விலக்கிக்கொண்டு போகிறது. குண்டு வேகமாகப் போகவேண்டியதில்லை. ஆகவே பெரிய பீரங்கி வேண்டாம், ஒரு தோள் போதும். 1942இல் அமெரிக்க பஸூக்கா, 1943இல் ஜெர்மன் பான்ஸர்ஃபாஸ்ட், 1961இல் சோவியத் ஆர்.பி.ஜி.-7.

'சாமானியன் கைக்கு வந்த பீரங்கி' என்று கொண்டாடத் தோன்றும். கொஞ்சம் நில்லுங்க. 1945இல் பெர்லினைக் காக்க நாஜிகள் பான்ஸர்ஃபாஸ்ட்டை யார் கையில் கொடுத்தார்கள்? கிழவர்கள் கையிலும் பள்ளிக்கூடப் பையன்கள் கையிலும். முதல் பான்ஸர்ஃபாஸ்ட் எட்டிய தூரம் சுமார் 30 மீட்டர். அவ்வளவு கிட்டத்தில் டாங்கிமுன் நிற்கவேண்டியவன் அந்தப் பையன். ஆயுதம் மலிவானபோது அதைச் சுமக்கும் உடம்பும் மலிவானது.

நமக்கென்ன என்கிறீர்களா? 1948இல் ஸ்வீடனில் பிறந்த 84 மி.மீ. கார்ல் குஸ்தாஃபை இந்தியாவில் செய்தது நம்ம திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலை. தோளில் உதை விழாதிருக்க, வெடிப்பின் ஒரு பங்கு பின்புறம் கக்கும். பின்னே நிற்பவரும் சாகலாம். முன்னால் யாரென்றே பேசிப் பழகிவிட்டோம். பின்னால் யாரென்று எப்போ கேக்கப்போறோம்?